தட்டினதும் தட்டிக்கொடுத்ததும்

அழகுமுத்துவுக்கு மூன்று பிடி தெரியும். மூன்றே மூன்று. முப்பது பிடி தெரிந்தவன் என்று மார் தட்டிக்கொண்டு வந்த பயில்வான்களை எல்லாம் அந்த மூன்றை வைத்துக்கொண்டே மண்ணைக் கவ்வ வைத்தான். ஆள் என்னவோ ஒல்லிப்பிச்சான்தான். ஆனால் பதினாலு வயதிலிருந்து கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிய கை அது. அந்தக் கைக்குள் போன எதுவும் லேசில் திரும்பி வராது.

எதிராளியின் கையைத் தொடைக்கு நடுவே வாங்கி முழங்கையை மறுபக்கம் மடக்குவது ஒன்று. அதற்குக் கவ்வாத்துப்பிடி என்று பேர். கணுக்காலை அக்குளில் இடுக்கித் திருகுவது இன்னொன்று. இவை இரண்டும் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு என்றால் மூன்றாவதுதான், சாக்குக்கட்டு. பின்னாலிருந்து முழங்கை மடிப்பைக் கழுத்தில் போட்டு, மற்றக் கையால் பிடரியை முன்னுக்குத் தள்ளுவான். மூச்சை இழுக்கலாம், வராது. பத்து எண்ணுவதற்குள் எப்பேர்ப்பட்ட சண்டியனும் தோற்றேன் என்று இவன் கையில் தட்டிவிடுவான். தட்டினால் விடவேண்டும். அதுதான் குஸ்தியில் சத்தியம். தட்டின பிறகும் இறுக்குகிறவன் மனுசனே இல்லை என்பான் அழகுமுத்து.

அந்தப் பிடிக்குப் பேர் வைத்தவன் பழனியாண்டி. ஸ்டோரில் தேயிலைத்தூள் சாக்கு கட்டுகிறவன். அழகுமுத்துவின் பெண்டாட்டி மீனம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரப் புல்லில் மச்சானும் மாப்பிள்ளையும் கட்டிப் புரளுவார்கள். பழனியாண்டி கழுத்தைக் கொடுப்பான், இவன் இறுக்குவான். இவனுடைய முன்னங்கையில் இரண்டு தட்டு விழும். உடனே விட்டுவிடுவான். ஆறு வருஷம் இப்படி. அந்த இரண்டு தட்டுக்கு அவன் கை தானாகத் திறக்கும், யோசனையே கிடையாது.

நாலு பேரும் லயத்தில் ஒரே அறையில், ஒரே காம்பிராவில் இருந்தார்கள். அழகுமுத்து, மீனம்மா, அவள் அம்மா பேச்சியம்மா, பழனியாண்டி. பத்தடிக்குப் பன்னிரண்டடி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மனசு விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கே பேசுவது? திரும்பினால் மாமியார், புரண்டால் மச்சான்.

ஐம்பத்தி நாலாம் வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால், குஸ்திப் பைத்தியமான தோட்டத்துத் துரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இந்தத் தடவை ஜெயிக்கிறவனுக்கு ஸ்டோர் காவல் வேலை, கூடவே கேட்டுக்குப் பக்கத்தில் தனிக் காம்பிரா. தனிக் காம்பிரா! அன்றைக்குச் சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது, “நம்ம ரெண்டு பேரு மட்டும், புள்ள” என்றான் அழகுமுத்து. மீனம்மா வெட்கப்பட்டுக் குடத்தை நிரம்பி வழியவிட்டாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

நோர்வூட்டில் இருந்தும் பொகவந்தலாவையில் இருந்தும் வந்தவர்கள் ஒவ்வொருவனாகத் தட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்து மணலில் நின்றது மச்சானும் மாப்பிள்ளையும்தான். நடுவராக, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா. தட்டினாலும் தோல்வி, முதுகு மண்ணில் பட்டாலும் தோல்வி என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாக்குக்கட்டு விழுந்தது. பழனியாண்டியின் முகம் கறுத்தது. கண்டாக்கையா அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் பொம்பளைகள் வரிசை, முன்னால் மீனம்மா. முன்னங்கையில் இரண்டு தட்டு. அழகுமுத்து கையைத் திறந்தான். திறந்து சிரிக்கவும் சிரித்தான், பாவி மனுசன்! அந்தச் சிரிப்பு முடியுமுன்னே பழனியாண்டி திரும்பி அவன் இடுப்பைத் தூக்கி மல்லாக்க அடித்தான். முதுகு மணலில் பதிந்தது.

“ஐயா, தட்டிட்டாருங்க! தட்டினதாலதான் விட்டேன்!”

கண்டாக்கையா பழனியாண்டியைப் பார்த்தார். “தட்டினியாடா?”

“எங்கய்யா தட்டினேன்? மாப்புள்ள நல்லாப் புடிச்சாரேன்னு தட்டிக்குடுத்தேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கட்டையில போறவன், எப்படிப் பேசினான் பாருங்கள். கழுத்து நெரிபடும்போது எவனாவது தட்டிக்கொடுப்பானா?

கண்டாக்கையா மீனம்மாவைக் கூப்பிட்டார். “நீதான் கிட்டத்துல இருந்த. அவனும் உனக்கு வேணும், இவனும் வேணும். மாரியாத்தா முன்னால சொல்லு. தட்டினானா, தட்டிக்குடுத்தானா?”

அழகுமுத்துவுக்கு உயிர் திரும்பி வந்தது. இனி என்ன பயம், அவன் மீனம்மா அல்லவா சாட்சி?

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “தட்டிக்குடுத்த மாதிரிதாங்கய்யா இருந்துச்சு.”

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான். அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. “நீங்க ஜெயிச்சா அம்மாவ அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போகணும். கல்யாணமாகாத ஆளு, கஞ்சி வச்சுக் குடுக்குமா? அண்ணன் ஜெயிச்சா காவல் வேலைக்காரன்னு பொண்ணு குடுப்பாங்க, அம்மாவயும் கூட்டிக்கிட்டு அங்க போயிரும். இந்தக் காம்பிரா நமக்குத்தானே? எப்படியும் நம்ம ரெண்டு பேருதானேங்க.”

“என்னய ஊரு முன்னால பொய்யனாக்கிட்டியே.”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பழனியாண்டி தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். நல்ல நாள் பார்த்து அம்மாவை அழைக்கிறேன் என்றான். தையில் நாகலெட்சுமி என்று ஒரு பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்தான். “புதுசா வந்தவ, அம்மா ஒத்துப்போக மாட்டாங்க” என்று ஆள் சொல்லியனுப்பினான். பேச்சியம்மா இருந்த மூலையிலேயே இருந்தாள். பெரட்டில் பேர் கூப்பிடும்போது பையன்கள் அழகுமுத்துவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “தட்டல மாமா, தட்டிக்குடுத்தோம்” என்று கெக்கலித்தார்கள். அவன் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினான். அதற்குப் பிறகு எவன் கூப்பிட்டும் மணலில் இறங்கவில்லை.

மாசியில் ஒரு மழை நாள், வேலை இல்லை. பேச்சியம்மா மூலையில் தூங்கிப்போயிருந்தாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மீனம்மா திடீரென்று அழுதாள். “அண்ணன் தட்டினத நா பாத்தேங்க. ரெண்டு தரம். என் கண்ணால பாத்தேன்.”

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் அத்தனை மாதம் காத்துக்கிடந்தான். எழுந்து கதவைத் திறந்தான். “வா. கண்டாக்கையா வீட்டுலதான் இருப்பாரு. இத அவருகிட்ட வந்து சொல்லு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்திருக்கவில்லை. “சொன்னா அண்ணன் வேல போயிருங்க. இப்பத்தான் குடும்பமாயிருக்கு.”

“அப்ப நானு?”

“நீங்க தாங்கிக்குவீங்க” என்றாள் மீனம்மா.