சித்ராதேவி கை காட்டிய குதிரை

சித்ராதேவி தன் ஐம்பத்தொரு வயதுக்குள் நேரில் பார்த்த குதிரைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அத்தனையும் பர்மாவின் மலையூரான மெய்மியோவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகள். ஊரிலேயே கியாய்க்கசான் மைதானத்தில் பந்தயம் நடந்த காலமெல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சங்கதி. ஆனால் இங்கிலாந்தில் எந்தக் குதிரைக்கு ஈரத் தரை ஒத்துவரும், எது கடைசி இருநூறு கஜத்தில் மூச்சு வாங்கும், எந்த ஜாக்கி அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுப்பான் என்று நடு உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வாள். இப்படி ஒரு படிப்பை ஒரு மனுஷி எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டால், வயிற்றுக்காகத்தான்.

அதற்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். 2021இல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது வேலைக்குத் திரும்ப மாட்டோம் என்று நின்ற ஆசிரியர்களில் அவளும் ஒருத்தி. நின்றவர்களில் பலர் பிறகு மெல்ல மெல்லத் திரும்பிப் போனார்கள். இவள் போகவில்லை. கொள்கை என்றாள். கொள்கையை உலையில் போட்டால் சோறாகாது என்பது ஆறு மாதத்தில் தெரிந்தது. அப்போதுதான் பபேடான் கடைத்தெருவில் கோ சிவா ஆள் தேடிக்கொண்டிருந்தான். ஒரு கைபேசிக் கடையின் மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பந்தயங்களைப் பற்றிப் பர்மாப் பாஷையில் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறவன். ‘கோ’ அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. பெயர்தான் சிவா. தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது.

அந்த இணையப் பக்கத்தில் ‘மியின் ஸயாஜி’ என்று ஒருவர் எழுதுவார். குதிரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரைத்த மீசையோடு யாரோ ஒரு கிழவரின் படம் இருக்கும். அந்த ஸயாஜி சித்ராதேவிதான். ஒவ்வொரு பெரிய பந்தயத்துக்கும் இரண்டு நாள் முன்னால், ஓடப்போகிற குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய ஓட்டம், தூரம், தரை, சுமக்கும் எடை எல்லாவற்றையும் அலசி, எது வரும் எது வராது என்று எழுதிக் கொடுப்பாள். வீட்டில் மட்டும் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். கொள்கை பேசி வேலையை விட்டவள் சூதாடிகளுக்கு வாத்தியாராகப் போனாள் என்று தாங்கள் குடியிருக்கும் தாகேதாவில் நாலு பேர் வாயில் விழ அவளுக்கு இஷ்டமில்லை.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவள் புருஷன் கார்த்திகேசன் மியின் ஸயாஜியின் பரம பக்தன். பகலெல்லாம் டாக்ஸி ஓட்டிவிட்டு வந்து, கைலியை மாற்றிக்கொண்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவள் எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டுவான். “என்னா மூளை பாரு இந்த ஆளுக்கு! ஒவ்வொரு குதிரையையும் கூடப் பொறந்த மாதிரி தெரிஞ்சு வச்சிருக்காரு” என்பான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன ஒரு பேச்சையும் அவன் முழுசாகக் கேட்டதில்லை. இப்போது வரிக்கு வரி தலையாட்டுகிறான். அடுப்பில் கருவாடு பொரித்துக்கொண்டே அதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கோ சிவா பர்மாப் பாஷையில்தான் பேசுவான், டீச்சரை அழைக்கிற மாதிரி அவளை ‘ஸயாமா’ என்பான். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, “ஸயாமா, நீங்க எழுதறது நல்லாத்தான் இருக்கு. ஆனா படிக்கிறவங்க எல்லாம் ஒரே கேள்வி கேக்கறாங்க. குதிரை என்னா கிழமையில பொறந்துச்சுன்னு” என்றான்.

பர்மாக்காரர்களுக்குப் பிறந்த கிழமைதான் எல்லாம். கல்யாணப் பொருத்தம், கடை திறப்பு, பகோடாவில் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம் கிழமைப்படிதான். சித்ராதேவிக்கு எரிச்சல் வந்தது. வகுப்பில் முட்டாள்தனமாகக் கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்கிற தோரணையில், கேலியாகவே எழுதினாள்: அந்த நாட்டுப் பந்தயச் சட்டப்படி எல்லாக் குதிரைக்கும் ஜனவரி முதல் தேதிதான் பிறந்தநாள், ஆகவே இந்த வருஷம் ஓடும் மூன்று வயதுக் குதிரை அத்தனையும் சனிக்கிழமை, நாலு வயது வெள்ளிக்கிழமை, ஐந்து வயது புதன்கிழமை.

வயதைக் கணக்குப் பண்ண வைத்துக்கொண்ட தேதி அது. குட்டிகள் உண்மையில் பிறப்பது வேறு வேறு நாளில். அது எல்லாருக்கும் புரியும், சிரிப்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தைப் படிக்கிற ஆட்கள் மூன்று மடங்கானார்கள். சனிக்கிழமை பிறந்தவர்கள் மூன்று வயதுக் குதிரைகளைத் தேடித் தேடிப் பணம் கட்டினார்கள். அதில் இரண்டு மூன்று ஜெயித்தும் தொலைத்தன. கார்த்திகேசன் சனிக்கிழமை பிறந்தவன். தமிழன் சனி என்றால் எள் விளக்கு ஏற்றி எட்டி நிற்பான். இவனோ போட்டாதாங் பகோடாவில் சனிக்கிழமை மூலையில் நாகச் சிலைக்கு வயசுக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்படியே கோயிலுக்கும் போய் எள் விளக்கை ஏற்றி வைத்தான். இரண்டு பக்கமும் வழி பண்ணிவிட்டதில் அவனுக்கு மகா திருப்தி.

அந்த ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஐந்து நாள் பெரிய பந்தயக் கூட்டம் வந்தது. உலகத்திலுள்ள நல்ல குதிரையெல்லாம் சேர்கிற கூட்டம். புதன்கிழமை ஒண்ணேகால் மைல் பந்தயத்தில் ஏழு குதிரைகள். சித்ராதேவி மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். மற்றவர்கள் மார்ஷ் ஃபிடில் என்ற மூன்று வயதுக் குதிரையைத்தான் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். வேகமான குதிரைதான், இல்லையென்று அவளும் சொல்லவில்லை. ஆனால் அது ஜெயித்ததெல்லாம் ஒரு மைலுக்குள், அதுவும் ஈரத் தரையில். இங்கே தரை காய்ந்து இறுகிக் கிடந்தது, தூரமும் அதிகம். கிரே லேண்டர்ன் என்று ஒரு ஐந்து வயதுப் பெண் குதிரை இருந்தது. பார்க்க ஆளில்லாமல் ஓரமாக வந்து, காய்ந்த தரையில் இதே தூரத்தை இரண்டு முறை ஜெயித்துவிட்டுப் போன குதிரை. சித்ராதேவி எழுதினாள்: மார்ஷ் ஃபிடில் தூரம் தாங்காது; கிரே லேண்டர்ன் வரும். அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது. அவளுக்கே தெரியும்.

திங்கட்கிழமை அதைப் படித்துவிட்டு கோ சிவா உதட்டைப் பிதுக்கினான். “மாத்துங்க ஸயாமா. ஜனங்க பணம் சனிக்கிழமைக் குதிரை மேல போகணும்.”

“அது வராது.”

“வராதுன்னுதான் மாத்தச் சொல்றேன்” என்றான் அவன், அவள் கண்ணைப் பார்த்தே. பக்கம் நடத்துகிறவனும் பந்தயப் பணத்தை வாங்கிப் போடுகிறவனும் ஒரே ஆள்தான், கட்டினவர்கள் தோற்றால் லாபம் அவனுக்கு என்று அவளுக்கு எப்போதோ தெரியும். தெரியாத மாதிரி இருந்து பழகிவிட்டாள். “முடியாதுன்னா சொல்லுங்க. மீசைப் படம் எங்கிட்டத்தான் இருக்கு. எழுத வேற ஆள் கெடைக்கும்.”

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகாத சித்ராதேவி இதற்குப் பணிந்து போனாள். அரை மணி நேரத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தாள். யாரோ முகம் தெரியாதவர்கள் தோற்பார்கள், அவர்கள் தலையெழுத்து என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் முகம் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவர்கள் மகள் கலைமணிக்கு இருபத்து மூன்று வயது. வார்டு ஆபீசில் பெண்பிள்ளைகள் பெயரையும் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எழுதுகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து, அவளை மலேசியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலை. அதற்காகக் கார்த்திகேசன் தன் சொந்த டாக்ஸியை விற்றான். இப்போது ஓட்டுவது வாடகை வண்டி. வியாழக்கிழமை காலை ஏஜென்ட்டிடம் பணம் கட்டினால் அடுத்த வாரம் விமானம். பணம் பீரோவில் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கார்த்திகேசன் சீக்கிரமாக வந்தான். தகரத்தில் மழை கொட்டியது. காலையிலிருந்தே கரண்ட் இல்லை, கைபேசிக் கோபுரமும் செத்துக் கிடந்தது. நேராகப் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்தான்.

“ஏங்க, நாளைக்குத்தானே?”

“நாளைக்கு மூணு பேருக்கும் சேத்துக் கட்டிப்புடலாம்” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. “புள்ளய மட்டும் தனியா அனுப்பிட்டு நாம இங்க கெடக்கணுமா? ஸயாஜி எழுதிட்டாரு. சனிக்கிழமைக் குதிரை. நான் சனிக்கிழமை. இன்னிக்கு விட்டா இன்னொரு நாள் வராது.”

வேண்டாம் என்றாள். கெஞ்சினாள். அந்தக் குதிரை தூரம் தாங்காது, தரை சரியில்லை என்றாள். அவன் சிரித்தான். “ஸயாஜிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்?”

“நான்தாங்க அந்த ஸயாஜி.”

அவன் முதலில் நம்பவில்லை. அவள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் கையெழுத்தில், தேதியோடு, மூன்று வருஷத்து எழுத்து. அவன் வாய்விட்டுப் படித்துக் காட்டிய வரிகளெல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அடித்த எழுத்தும், மாற்றிய எழுத்தும். கார்த்திகேசன் நெடுநேரம் புரட்டினான். கோபப்படுவான், கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்து நின்றாள். அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“எங்கூடவே இருந்துக்கிட்டு, எங்கிட்ட சொல்லலியே. இவ்வளவு படிச்சிருக்க. எனக்கு ஒண்ணுமே தெரியலியே.” ரொம்ப மெதுவாக, வாத்தியாரிடம் கேட்கிற பையனைப் போலக் கேட்டான்: “அப்ப நெசமா எது வரும், சித்ரா?”

பந்தயமே வேண்டாம், பணத்தை உள்ளே வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளை ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் வாயில் வந்தது வேறு.

“கிரே லேண்டர்ன்.”

சொன்ன பிறகு பதறிப்போய்க் கையைப் பிடித்தாள், கட்டாதீங்க என்றாள். அவன் அவள் தலையில் கை வைத்து, “எம்பொஞ்சாதி சொல்லி நான் கேக்காம இருந்தது போதும்” என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்ட மழையில் இறங்கிப் போனான்.

குதிரைக் கணக்கில் அவள் எப்போதும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஓடுகிற அன்று காலையில் தரை நிலவரத்தை இன்னொரு தரம் பார்த்துவிடுவாள். திங்கட்கிழமைத் தரை புதன்கிழமை இருக்காது என்று ஸயாஜி பெயரில் அவளே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். அன்று கரண்ட் இல்லை, கோபுரம் இல்லை. அவள் பார்க்கவில்லை. இருந்திருந்தாலும் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். கேட்டது அவன், சொன்னது அவள், அந்த நிமிஷத்தில் தரை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

அங்கே இங்கிலாந்தில் செவ்வாய் ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது.

இங்கே ராத்திரி எட்டு மணிக்குப் பந்தயம். கோபுரத்துக்கு உயிர் வந்துவிட்டது. மூவரும் சித்ராதேவியின் கைபேசியில் பார்த்தார்கள். கலைமணிக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். மார்ஷ் ஃபிடில் சேற்றுத் தரையில், வயது குறைந்த குதிரைக்குத் தருகிற குறைந்த எடையோடு, மூச்சே வாங்காமல் தனியாக வந்தது. கிரே லேண்டர்ன் ஐந்தாவது. கார்த்திகேசன் திட்டியிருந்தால் தேவலை. கைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அவள் கையிலிருந்த கைபேசியில் ஸயாஜிக்கு வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. ஒருவன் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்தது, ஸயாஜி நூறு வயது இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். பிறகு கோ சிவா கூப்பிட்டான். குரலில் உயிரே இல்லை. “நாசமாப் போச்சு ஸயாமா. நீங்க முதல்ல எழுதினதையே போட்டிருக்கலாம்” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிற்காது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஏஜென்ட் போன் பண்ணினான். பணம் இல்லையென்றதும், சரி, அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று வைத்துவிட்டான். கலைமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. தலை பின்னிக்கொண்டே பர்மாப் பாஷையில் கேட்டாள்.

“கட்டாதீங்கன்னு சொன்னீங்க இல்ல, அம்மா. அதோட நிறுத்தாம அந்தப் பேரை ஏன் சொன்னீங்க?”

உங்கப்பா கேட்டார் என்று ஒரு மகளிடம் எப்படிச் சொல்வது? ஊருக்கு எழுதின பொய் ஊரை வாழ வைத்தது, வீட்டுக்குள் சொன்ன உண்மை பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. சித்ராதேவிக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வார்டு ஆபீஸ் ஆள் வாசலில் வந்து நின்று, பட்டாளத்துக்குப் பெயர் எழுத வீட்டு ஆட்களின் பட்டியலைக் கேட்டான். கலைமணியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.