நம்பரைச் சுற்றி ஒரு விரல் அகலம்

நடந்தது இதுதான்.

1. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஆட்டுக் கொட்டகையில் பல வருடம் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வாங்கினேன்.
2. ஆட்டு மூத்திரம் பட்டு, இன்ஜினின் அலுமினியம் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. நானே பிரித்தேன், கழுவினேன்.
3. பாலிஷ் போட ஆள் தேடினேன்.
4. முதல் ஆள் கிளட்ச் கவரைக் கெடுத்தார்.
5. இரண்டாவது ஆள் கெடுப்பதற்கு முன் எழுந்து வந்துவிட்டேன்.
6. மூன்றாவது இடத்தில் தப்பு செய்தது நான்.

எதற்கு இந்தப் பழைய இரும்பு என்று எல்லோரும் கேட்டார்கள். புது ஸ்கூட்டி வாங்கியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். மலையில் சாமை, தினை உடைக்கிற மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. பஸ்ஸை விட்டால் ஜீப். ஜீப் நிறையும் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்த மலை ரோட்டில் இந்த வண்டியில் போக வேண்டும். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இதில் ஆபத்தான பொருள் ஒன்றே ஒன்று: கிராங்க் கேஸ். பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அலுமினியக் கூடு, இரண்டு பாதி. இடது பாதியில்தான் இன்ஜின் நம்பர் குத்தியிருக்கிறது. அரிப்பில் அந்த எழுத்துகள் ஏற்கெனவே ஆழமிழந்திருந்தன. வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் அந்த நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார். நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சையும் கேட்பார். ஒரு எண் அழிந்தாலும் அது வண்டி இல்லை, பழைய இரும்புக் கடைச் சரக்கு.

பெண்பிள்ளை தனியாகப் பட்டறைக்குப் போகக்கூடாது என்று என் அக்கா வீட்டுக்காரர் கூடவே வந்தார். மாமாவுக்கு வண்டியில் தெரிந்தது ஹாரன் மட்டும். கிராங்க் கேஸைக் கையில் வாங்கிப் பார்த்து, "சைலன்சர் நல்ல கனமா இருக்கே" என்றார்.

முதல் இடம், கள்ளக்குறிச்சியில் கேட்டும் படிக்கட்டுக் கைப்பிடியும் செய்கிற ஸ்டீல் பட்டறை. முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னா சார், யாரு வண்டி?" என்று மாமாவைக் கேட்டார்.

"நம்ம வூட்டு வண்டிதாங்க" என்றார் மாமா, ஏதோ அவர் சம்பாதித்தது போல.

சோதனைக்காகக் கிளட்ச் கவரை மட்டும் கொடுத்தேன். வெளிப்பக்கம் மட்டும் பாலிஷ். உள்ளே பேக்கிங் அட்டை உட்காரும் விளிம்பைத் தொடக் கூடாது. அது தட்டையாக இருந்தால்தான் ஆயில் ஒழுகாமல் நிற்கும். விளிம்பு முழுக்க டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் 'தொடாதே' என்று தமிழில் எழுதியிருந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து மாமாவோடு போனேன். கவர் உள்ளும் புறமும் மின்னியது. டேப்பைக் காணோம்.

"டேப்பு எங்கங்க?"

"அது இன்னாவோ ஒட்டிக்கினு இருந்துச்சும்மா. பிச்சிப் போட்டுட்டு சுத்தமா அடிச்சிட்டேன். பாரு, உள்ள வரிக்கும் மூஞ்சி தெரியுது."

"அதுல தொடாதேன்னு எழுதியிருந்தேனே?"

"ஆமா, பாத்தேன். வேற யாருக்கோன்னு நெனச்சேன்."

மாமா கவரில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டே, "சூப்பருங்க" என்றார்.

வீட்டில் அதைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தேன். விளிம்புக்கு அடியில் செய்தித்தாள் துண்டு தாராளமாக நுழைந்தது. நுழையக் கூடாது. படிக்கட்டுக் கைப்பிடியில் மறுபக்கம் என்று ஒன்று இல்லை. அந்த மனிதருக்கு உலகமே கைப்பிடிதான்.

அதன் பிறகு மூன்று கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டேன். பாலிஷ் போட எந்தச் சக்கரம்? அதில் தடவ எந்த பாலிஷ் சோப்பு? நம்பரை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

இரண்டாவது ஆள் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் நிபுணர். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தார். கடையில் கருவிகளைவிட விளக்குகள் அதிகம், எல்லாம் வீடியோ எடுக்க.

"சிஸ்டர், அத ரெண்டு கையில புடிச்சிக்கினு இப்பிடி சிரிங்க."

முதல் இரண்டு கேள்விக்கும் "பண்ணிக்கலாம் சிஸ்டர்" என்றார். மூன்றாவதற்கு மட்டும் புதிய பதில்.

"நம்பரா? அழிஞ்சா புதுசா குத்திக்கலாம்."

நம்பரை மாற்றிக் குத்துவது வண்டி திருடுகிறவர்கள் செய்கிற வேலை. அதைக் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். நான் கிராங்க் கேஸைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். மாமா வீடியோவில் தன் முகம் வருமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

மூன்றாவது இடம் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கொட்டகை. கல்யாண மண்டபங்களின் அலுமினிய அண்டாக்களுக்கு பாலிஷ் போடுகிறார்கள். வாசலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று கேள்விகளையும் அவரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். மறுபடியும் கேட்டேன், மெதுவாக, ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வது போல. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. வாயில் கட்டியிருந்த துணியை இறக்கிக்கொண்டு ஒரு அம்மா வெளியே வந்தார்.

"அவுர இன்னாமா கேட்டுக்கினு இருக்க? சக்கரத்துல குந்துறது நானு."

அலுமினியத்தை பாலிஷ் போட்டால் கை கறுக்கும். அது எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் கைகள் முழங்கை வரை கறுப்பு. வெள்ளைச் சட்டைக்காரரின் நகங்களில் அழுக்கே இல்லை. வந்ததும் பார்த்திருக்க வேண்டிய ஒரே விஷயம் அது. ஸ்டீல் பட்டறைக்காரர் எனக்குச் செய்ததை நான் அந்த அம்மாவுக்குச் செய்திருக்கிறேன்.

"மன்னிச்சிக்கோங்கக்கா."

"பரவால்ல, எல்லாரும் அவுரத்தான் கேப்பாங்க. இவுரு யாரு?"

"எங்க மாமாக்கா."

"இன்னாத்துக்கு வந்தாரு?"

"சும்மா, துணைக்கு" என்றார் மாமா.

"அப்ப எங்க வூட்டுக்காரர் பக்கத்துல குந்துங்க. அவுரும் சும்மாதான் இருக்காரு."

அந்த பாலிஷ் அக்கா கிராங்க் கேஸை வாங்கி, கட்டைவிரலால் விளிம்பெல்லாம் தடவினார். "இதுல எங்கெங்க தொடக் கூடாது?" என்று கேட்டார். இத்தனை நாளில் அதைக் கேட்ட ஒரே ஆள். காட்டினேன். நம்பரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதைச் சுத்தி ஒரு வெரல் அகலம் வுட்டுடுவேன். அங்க சக்கரம் படாது, துணிதான். மங்கலாத்தான் இருக்கும். அசிங்கமா இருக்குன்னு அப்பறமா சண்டைக்கு வரக் கூடாது."

"வரமாட்டேன்க்கா."

வேலை முடியும் வரை பக்கத்திலேயே நின்றேன். மாமாவும் வெள்ளைச் சட்டைக்காரரும் அரசியல் பேசினார்கள்.

இப்போதைய நிலை இது. கிராங்க் கேஸ் பளபளக்கிறது, நம்பரைச் சுற்றி ஒரு விரல் அகலம் தவிர. பென்சில் அச்சில் எல்லா எண்ணும் விழுகிறது. ஆய்வாளர் இன்னும் பார்க்கவில்லை. கிளட்ச் கவர் கெட்டது கெட்டதுதான். வேறு கிடைக்கவில்லை, இதை மாட்டினால் ஆயில் ஒழுகும். ரிஷிவந்தியம் பட்டறையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் ஜீப்பில்தான் போகிறேன்.