எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள்

அருங்காட்சியகத்தில் பழைய கோட்டோவியங்களுக்குக் காப்பாளராக இருந்தவருக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான்: பெரிய பெயரோடு இருக்கும் கேலிச்சித்திரத்தைக் கீழே இறக்குவது. மேதை வரைந்தது என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும். இவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு 'மேதையின் சீடர்' என்பார். கொஞ்ச நாளில் 'சீடரின் பாணி'. அதற்கப்புறம் 'யாரோ'. அப்படி அவர் அநாதையாக்கிய படங்கள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

ஆனால் ஓய்வு பெறுவதற்குள் ஒரு படத்தையாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை அவரை அரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 'யாரோ' அலமாரியில் ஒரு தளபதியின் கேலிச்சித்திரம் மாட்டியது: மடிப்பு மடிப்பாகத் தாடை, உருளைக்கிழங்கு மூக்கு, இடுப்பில் வாள். நிழலுக்கு இழுத்த கோடுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வலதுகைக்காரன் அப்படி இழுக்க மாட்டான். மேதையோ இடதுகைக்காரர். காப்பாளருக்கு சந்தோஷத்தில் தூக்கமே போயிற்று.

'மேதையின் சொந்தக் கை' என்று சீட்டு ஒட்டி மாட்டினார்கள். திறப்பு விழாவில் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

"மேதைன்னா மேதைதான். அந்த மூக்கப் பாருங்க," என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காப்பாளரின் மனைவி மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏங்க, சட்டைப் பொத்தான் பொம்பளைங்களுக்கு வைக்கிற பக்கம் இருக்கே? வாளும் இடப்பக்கம் இல்லாம வலப்பக்கம் தொங்குது."

"கேலிச்சித்திரம்னா அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது அசல் இல்லை. சுண்ணக்கட்டியால் வரைந்த படத்தின் மேல் ஈரத்தாளை அழுத்தி எடுத்த பிரதி. அதில் எல்லாமே இடம் வலமாக மாறி விழும், கோடுகள் உட்பட. அசலை வரைந்தவன் யாரோ ஒரு வலதுகைக்காரன். இதே தவறை வேறொருவர் செய்திருந்தால் கட்டுரை எழுதிக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். வாயை மூடிக்கொண்டால் கௌரவமாக ஓய்வு பெறலாம்.

மறுநாள் காலையில் இயக்குநரிடம் உண்மையைச் சொன்னார்.

"இதெல்லாம் யாரு சார் கேக்கப் போறா? விட்டுடுங்களேன்."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே சார்."

அன்றே சீட்டு மாறியது: 'யாரோ'. வந்தவர்கள் முதலில் அதைப் படித்தார்கள், பிறகு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். ஒருவர் உதடுகூட அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த இயக்குநர் நின்று பார்த்தார்.

"மூக்கு கொஞ்சம் விகாரமா இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காப்பாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று விழுந்து விழுந்து சிரித்த ஆள்தானே. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாரே தவிர, அந்த மூஞ்சியைப் பார்த்து அவர் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் தளபதிக்கு நேராக நின்று சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.