தவூஸின் கூடையும் இளவரசனின் மீசையும்

அல்ஜியர்ஸில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. அதனால் மேல்மாடிப் பெண்கள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். கீழே கடைக்காரர் ரொட்டியைப் போட்டதும் இழுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் மாடி தவூஸ் அக்காவின் கூடை என் இரண்டாம் மாடி ஜன்னலை உரசிக்கொண்டு போகும். அடுத்தவர் கூடையில் கை வைப்பது எங்கள் தெருவில் பெரிய பாவம். நான் அதில் நத்தை வைப்பேன், வெங்காயத் தோல் வைப்பேன். ஒருமுறை அண்ணனின் அழுக்கு சாக்ஸை வைத்தேன். அவள் துவைத்துத் திருப்பி அனுப்பினாள்.

அவள் படி இறங்கி நாலு வருடம். அவள் அம்மா படுத்த படுக்கை. ஒருநாள் நூல் வாங்கப் போன கால் மணி நேரத்தில் அம்மா கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதோடு சரி.

போன குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, கூடையில் ஒரு பெரிய உறை இறங்கியது. பிடித்துப் பிரித்தேன். உள்ளே தவூஸ் அக்கா வரைந்த படக்கதை. முதலில் கண்ணில் பட்ட இளவரசனுக்குப் பேனாவால் மீசை வரைந்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பித்தேன்.

கோபுரத்தில் அடைபட்ட நீளக் கூந்தல்காரி கதை, எல்லோரும் கேட்டதுதான். ஆனால் இதில் சூனியக்காரியால் நடக்க முடியாது. அவளுக்குத் தண்ணீர் இழுத்துக் கொடுப்பது அந்தக் கூந்தல்தான். இளவரசன் ஏறி வருகிறான், கட்டிலடியில் மலச்சட்டியைப் பார்க்கிறான், ஏறிய கூந்தலிலேயே இறங்கிப் போகிறான். கடைசிப் பக்கத்தில் சூனியக்காரி அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடுகிறாள்.

கூடவே பதிப்பகத்தார் எழுதிய துண்டுச் சீட்டு. பெண் கடைசியில் கோபுரத்தைவிட்டு இறங்க வேண்டும். வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குள் கீழே காபிக் கடையில் அவர்கள் ஆள் மொக்ரானிடம் பக்கங்கள் சேர வேண்டும். இல்லையென்றால் புத்தகம் கிடையாது.

மணி பதினொன்றே முக்கால். மீசையோடு அதைக் கீழே விட முடியாது. உறையை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

மீசையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன்னைப் பெண் கேட்டு வந்து, அம்மாவின் அறையை எட்டிப் பார்த்ததும் போய்விட்டவனை நினைத்தாளோ என்னவோ.

"இவனுக்கு மீசை இருந்துச்சுடி. நான்தான் போட மறந்துட்டேன். நத்தையும் நீதானே?"

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீயே போய்க் கொடு என்றேன். அவள் செருப்பைத் தேடியெடுக்கவே மூன்று நிமிடம் போயிற்று.

அவள் போனதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தவூஸா என்று கேட்டார். அடுத்தவர் குரலில் பேசி ஏமாற்றுவது எனக்குக் கைவந்த கலை. "இங்கதாம்மா இருக்கேன்" என்றேன். பிடி தளரவில்லை. எனக்கு மூக்கு அரித்தது, சொறிந்துகொள்ளவில்லை.

கீழே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். கடைசிப் பக்கத்தில் பெண் இறங்கவே இல்லையே என்று மொக்ரான் உதட்டைப் பிதுக்கினாராம்.

"நான் இறங்கித்தானே வந்திருக்கேன்? இப்ப திரும்ப ஏறணும், அம்மாவுக்கு சூப் குடுக்கிற நேரம். அதையும் வரையணுமா?" என்றாளாம் இவள். அவர் உறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதினோரு நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது, ஐந்து பிரதிகள் கூடையிலேயே மேலே போயின. கடைசிப் பக்கம் அப்படியே இருந்தது, மீசையும் இருந்தது. புத்தகத் திருவிழாவுக்கு அவளை அழைத்தார்கள். போகவில்லை.

அவள் வெளியே போகட்டும் என்று வியாழக்கிழமைகளில் நான் அம்மாவிடம் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். நடந்தால் கடற்கரை இருபது நிமிடம், போய்வர நேரம் சரியாக இருக்கும். அவள் இன்னும் ரொட்டிக் கடையைத் தாண்டவில்லை.