காக்காவின் காது மிஷின்

சுனாமித் தண்ணீர் காதுக்குள் போய்ச் சீழ் பிடித்ததில் என் கூடப்பிறந்த மூத்தவரான காக்காவுக்கு இரண்டு காதும் கேளாமல் போயின. அகதி முகாமுக்கு வந்த டொக்டர்கள் ஒரு காதுக்கு மிஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிய நாளில் உம்மா கதைப்பது கேட்டு அவர் அழுதார். நாங்களும் அழுதோம்.

ஒரு தொல்லை இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யும்போது காதுக்குள்ளும் ஈர விரலால் தடவ வேண்டும். அதனால் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பொக்கட்டுக்குள் போடுவார். ஈரக் காதில் மாட்டினால் மறுபடியும் சீழ் பிடிக்குமென்று பயந்து, வீடு வரும்வரை மாட்டவே மாட்டார். நிற்பாட்டவும் மறந்துவிடுவார். துணிக்குள் கிடந்து அது கீயென்று விசிலடிக்கும். தெருவுக்கே கேட்கும், அவருக்குக் கேட்காது.

"பொக்கட்டுக்குள்ள குருவியா வளக்கிறீங்க?" என்று கேட்பேன்.

"கத்தினாக் கத்தட்டும் புள்ள, எனக்குக் கேக்கவா போகுது?" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சத்தம் ஒரு நாள் யார் காதில் விழப் போகிறதோ என்று பயமாகவும் இருக்கும்.

வன்னியில் சண்டை முற்றிய காலத்தில் எங்கள் தெரு முனையிலும் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றி போட்டார்கள். ஒரு நாள் பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டு, உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டிலிருந்த என்னைக் காக்கா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆமிக்காரன் நிற்கச் சொல்லிக் கத்தினான். காக்கா மிதித்துக்கொண்டே போனார். நான் முதுகில் குத்தியதும் நின்றார். அப்போது பொக்கட்டுக்குள் மிஷின் கீயென்றது.

அவனுடைய துவக்கு எங்கள் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது. ஆமிக்காரனின் வாய் அசைவதைக் கண்ட காக்கா, அவன் சொல்வதைக் கேட்பதற்காக மிஷினை எடுக்கப் பொக்கட்டுக்குள் கையை விட்டார்.

நான் பாய்ந்து அந்தக் கையை அவர் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தேன். "காது மிஷின், காது மிஷின்" என்று தமிழில்தான் வாயில் வந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. என் காதைத் தொட்டுத் தொட்டுக் கெஞ்சினேன். என் கைக்குக் கீழே அது கத்திக்கொண்டே இருந்தது. இன்னொருவன் வந்து அதை மெல்ல எடுத்துப் பார்த்த பிறகுதான் துவக்கு தாழ்ந்தது.

"இனி அத வெளியில கொண்டு போகாத மனே" என்றார் உம்மா.

"ஓம் உம்மா" என்றார் காக்கா.

"அப்ப நிக்கச் சொன்னா எப்படிக் கேக்கும்?" என்றேன்.

மறுநாள் மஃரிப் நேரம் மிஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் வாசலில் நின்று பெலத்துக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் சென்றிப் பக்கம் மிதித்துக்கொண்டு போனார்.