உப்புக் கரித்த பாதம்

"சுரூபத்தை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? பாதம் உப்புக் கரிக்கிறதே." டிசம்பர் 25, காலைத் திருப்பலி முடிந்த கையோடு எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி இது. இன்னும் அழிக்கவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சவரி உடனே பதில் போட்டார்: "கழுவவே இல்ல சார். பஞ்சால தூசி தட்டுனதோட சரி."

பேய், தரிசனம், அற்புதம் எதையும் நம்பாதவன் நான். ஆவூர்ப் பக்கத்துக் கோயில்களில் எந்த மாதா குகைக் கெபியை யார் கட்டினார், எந்த மணி எங்கிருந்து வந்தது என்று விசாரித்து எழுதுவதுதான் பணி ஓய்வுக்குப் பிறகு என் வேலை. அதிலும் ஒருவர் மட்டும் சொன்னதைச் சேர்ப்பதில்லை. ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கிறிஸ்மஸ் பூசை முடிந்ததும் சாமியார் பாலன் இயேசு சுரூபத்தைக் கையில் ஏந்தி நிற்பார், நாங்கள் வரிசையாகப் போய்ப் பாதத்தை முத்தி செய்வோம், ஒவ்வொருவர் முத்தத்துக்குப் பிறகும் சவரி வெள்ளைத் துணியால் துடைத்துவிடுவார். ஆண்கள் வரிசை முதலில். என் உதட்டில் பட்டது கடல் தண்ணீர், வேறெதுவும் இல்லை. எங்கள் ஊர் கீரனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும்.

பிறகு பெண்கள் வரிசையில் ஜெசிந்தா வந்தாள். விவசாயம் கைவிட்டதால் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வேலைக்குப் போனவன் அவள் கணவன் அருள். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் போன படகு திரும்பவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தால் தகவல் வந்திருக்கும், அதுவும் இல்லை. குனிந்தவள் தலையை எடுக்கவே இல்லை. "நகருத்தா, பின்னாடி ஆளுக நிக்கிறாக" என்று சவரி சொல்ல வேண்டியிருந்தது.

வாசலில் அருளின் அண்ணன் சின்னப்பன் அவளை நிறுத்தினார்.

"எம்புட்டு நாளைக்குத்தா பாப்ப? வருசக் கடைசிப் பூசையில அவன் ஆத்துமாவுக்கு வேண்டிக்கச் சொல்லிருவோம்."

"பாதம் உப்புக் கரிச்சுச்சு மாமா. அவரு தண்ணியில இருக்காரு, மண்ணுல இல்ல. வேண்டுறதா இருந்தா நல்லபடியாத் திரும்பி வரணும்னு வேண்டச் சொல்லுங்க."

"அழுதுக்கிட்டே முத்துனா கரிக்காம தித்திக்கவா செய்யும்?"

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "சின்னப்பா, அவ வர்றதுக்கு முன்னாடியே எனக்குக் கரிச்சுச்சு" என்றேன்.

"நீங்களுமா சார்? படிச்சவருன்னு நெனச்சேன்" என்றார் அவர். ஆனால் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆண்டிறுதி நன்றிப் பூசையில் சாமியார் ஜெசிந்தா கேட்டபடியே வாசித்தார். உயிரோடு இல்லாத ஒருவனுக்காக என் பேச்சை நம்பி அப்படி வாசிக்கிறார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் கூசியது.

புத்தாண்டு பிறந்த சில நாளில் அருள் வந்தான். இன்ஜின் பழுதாகி, ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள், வேறொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. பார்க்கப் போனபோது, நான் எதுவும் கேட்காமல், அவனாகவே சொன்னான்:

"காய்ச்சல்ல கெடக்கேன் சார், கண்ணைத் தொறக்க முடியல. யாரோ வரிசையா வந்து கால்ல முத்தம் வைக்கிறாக. ஒவ்வொருத்தர் வச்சதும் துணியால தொடைக்கிறாக. ஒரே கூச்சம், காலை இழுக்க முடியல. ஒரு ஆளு மட்டும் தலையை எடுக்கவே மாட்டேங்குது."

கோயிலில் நடந்ததை அவனிடம் சொல்லவில்லை என்று ஜெசிந்தா சத்தியம் செய்கிறாள். அவள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிறிஸ்மஸுக்கு அருளும் வரிசையில் நின்றான். முத்தி செய்யவில்லை. சவரி கையிலிருந்த துணியை வாங்கி, பாதத்தைத் தானே துடைத்து, சுரூபத்துக்கு வலிக்குமோ என்பதுபோல மெதுவாக ஒத்தி எடுத்துவிட்டு நகர்ந்தான். அன்று பாதம் கரிக்கவில்லை.

தனக்கு அப்படித் தோன்றியது எந்த நாள் என்று அருளுக்குத் தெரியாது. படகில் உடனிருந்த கட்டுமாவடி பாய் ஒருவர் தொழுகை தவறாமல் நாள் கணக்கு வைத்திருந்தாராம், "யாருடா என் காலைப் பிடிக்கிறதுன்னு ஏன் கத்துன?" என்று அவனிடம் கேட்டதும் அவர்தானாம். அவர் இப்போது துபாயில் இருக்கிறார், கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஆகவே அது கிறிஸ்மஸ் காலைதானா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.