ரெண்டு நாள் மிதி

மரக்காணத்தில் ஒருவர், உப்பளத்தை மிதிக்கிறவர்களுக்குக் கூலி கொடுப்பதில்லையாம். மிதிக்கிறவர்களிடமே கட்டணம் வாங்குகிறாராம். புதுச்சேரி ஓட்டல் வரவேற்பாளர் சொன்னார். அவருக்குச் சொன்னது ஒரு டாக்சிக்காரர். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த எனக்கு, தெருவுக்கு ஒரு கல்லூரி இருக்கும் அந்த ஊரில் கடற்கரை, தேவாலயம், காபிக் கடை எல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துபோயிருந்தன. பயணக் காப்பீட்டில் உப்பளம் அடங்குமா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கட்டணம் வாங்கும் அந்த ஆள், அந்தோணிராஜ், முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறவரில்லை. குனிந்து காலைப் பார்க்கிறார். ஐம்பது வயது. மடித்துக் கட்டிய லுங்கி, அதன்மேல் 'டூர் கேப்டன்' என்று அச்சடித்த நீலச் சட்டை. வந்தவர்களின் செல்போன் எண்களைப் பெயர் போட்டுச் சேமிப்பதில்லை. 'பெங்களூர் பித்தவெடிப்பு', 'ஐடி கம்பெனி மருதாணி', 'டாக்டர் தட்டைக்கால்'. என் காலைச் சற்றுக் கூடுதலாகவே பார்த்தார். "ஃபாரினுங்களா சார்? வெயிலே படாத காலு" என்று செல்போனில் எதையோ தட்டினார். காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

தை மாதம். உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன் பாத்தியின் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். அடியோடு அடி ஒட்டி, பக்கவாட்டில் நகர வேண்டும். குதிகால் பள்ளம் நின்றுவிட்டால் பின்னால் உப்போடு சேறும் சேர்ந்து வரும். இருபது வருஷம் இதைச் செய்தவர் அந்தோணிராஜ். இப்போது இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'சால்ட் மட் தெரபி'.

அதே வேனில் வந்த கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் பாத்தியில் இறங்கிக் குத்தாட்டம் போட்டார்கள். அந்தோணிராஜ் வரப்பில் நின்று கைதட்டினார். "சூப்பர்! ரெண்டு நாள் வேலைய ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டீங்க! சார், நீங்க பத்து ஆளு மிதி மிதிக்கிறீங்க!" என் உத்தியோகத்தில் எந்த மேலாளரும் என்னை இப்படிச் சொன்னதில்லை. இன்னொரு சுற்று மிதித்தேன்.

வழக்கம் என்னவென்றால், வேன்கள் கிளம்பியதும் அவர் மனைவி மேரிசெல்வியும் ஐந்து பெண்களும் இறங்கி, விருந்தாளிகள் கெடுத்த பாத்தியை மறுபடி மிதிப்பார்கள். அதற்குக் கூலியை உப்பள முதலாளி கலியமூர்த்தி கொடுப்பார். அப்பா காலமான பிறகு சென்னையிலிருந்து உப்பளத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். பாத்தியில் கால் வைத்ததில்லை. போன வாரம் விருந்தாளியாக வந்த ஒரு பெண் அந்த 'ரெண்டு நாள் வேலை' பாராட்டை வீடியோவாகப் போட, அது சுற்றிச் சுற்றி முதலாளியின் செல்போனுக்கே வந்து சேர்ந்தது. அவர் நம்பிவிட்டார்.

நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது மேரிசெல்வி வேகமாக வந்தார்.

"இன்னாய்யா சொல்லி வச்ச? கெஸ்டே வேலைய முடிச்சிட்றாங்க, நாளையிலேந்து நீங்க யாரும் வராதீங்கன்னுட்டாரு மொதலாளி. ஆறு பேரும் இன்னா பண்றது? நாங்களும் டிக்கெட் வாங்கினு மிதிக்கவா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுடி."

"அத அவருகிட்ட சொல்லு. கெஸ்டு மிதிச்சது வெத்து மிதின்னு சொல்லு."

"சொன்னா டூரையே நிறுத்திடுவாரு."

"சொல்லாட்டி? சேத்து உப்ப யாரு வாங்குவா? அப்பவும் உன்னத்தான் கேப்பாரு."

 நான் இடையில் புகுந்து, என் மிதி அவ்வளவு மோசமா என்று கேட்டேன்.

"சூப்பர் சார்" என்றார் அந்தோணிராஜ், வாய்ப்பழக்கத்தில். மேரிசெல்வி தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தோணிராஜின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "மொதலாளி."

"எடுய்யா."

எடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லுங்கியை இன்னும் ஏற்றிக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். என் குதிகால் பதிந்திருந்த பள்ளத்தில் தன் பாதத்தை வைத்து அழுத்தினார். அதை ஒட்டி அடுத்த அடி. அதை ஒட்டி இன்னொன்று. பையிலிருந்த செல்போனும் அடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தது.